வீட்டிலேயே படிக்க வைக்க ஒரு கோடு போட்ட நோட்டு

போன மாதம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த ஒரு பெண், அளவு எடுத்து முடித்த பிறகும் போகாமல் நின்றார். "அக்கா, உங்க பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போறதில்லையாமே? வீட்டுலயே எப்படிக்கா படிக்க வைக்கிறீங்க?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அன்றைக்கு ஏழு ஜாக்கெட் பாக்கி. அரைகுறையாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அப்போது சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

எங்கள் வீடு கடலூர் திருப்பாப்புலியூரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகும் தூரம். முன்னறையில் என் தையல் மிஷின். வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. மகளுக்குப் பதின்மூன்று வயது, மகனுக்கு எட்டு. மகள் நாலாம் வகுப்பில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆனால் வயிற்றுவலி வந்துவிடும். டாக்டர் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். திங்கட்கிழமைதான் வலி என்பது எங்களுக்குப் புரிய ஆறு மாதம் ஆனது. அந்த வருடக் கடைசியில் நிறுத்தினோம். மகன் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. நான் படித்தது பன்னிரண்டாவது வரை. பி.எட். முடித்திருந்தால்தான் இதெல்லாம் முடியும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பை நானும் செய்தேன். கரும்பலகை வாங்கினேன். சார்ட் பேப்பரில் ஸ்கேல் வைத்து டைம்டேபிள் போட்டேன்: ஒன்பது மணிக்குத் தமிழ், ஒன்பதே முக்காலுக்குக் கணக்கு. பூஜை மணியை எடுத்து பீரியட் மணியாக அடித்தேன், மாமியார் முறைத்தார். மூன்றாவது வாரம் மகள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். மறுபடியும் வயிற்றுவலி. எந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாளோ அதையே வீட்டுக்குள் கட்டி, அதற்கு நானே ஹெட்மிஸ்ட்ரஸும் ஆகியிருந்தேன். அன்று ராத்திரியே சார்ட்டை இறக்கிப் பின்பக்கத்தில் ஜாக்கெட் பேட்டர்ன் வெட்டினேன். அந்த 36 சைஸ் பேட்டர்ன் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

பள்ளியை விட்டு நிறுத்திய கையோடு பாடத்தை ஆரம்பிக்காதீர்கள். இரண்டு மூன்று மாதம் சும்மா விடுங்கள். தூங்கட்டும், சண்டை போடட்டும், 'போர் அடிக்குதும்மா' என்று காலைச் சுற்றி வரட்டும். அந்தப் போர் முற்றிய இடத்தில்தான் என் மகள் முதன்முதலாக ஒட்டுத்துணிகளைப் பொறுக்கி நிறவாரியாக அடுக்க ஆரம்பித்தாள்.

இப்போது நோட்டு. நாற்பது பக்கம் போதாது, இருநூறு பக்கக் கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். காலையில் அதைத் தொடக்கூடாது. ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கவிழ்த்த பிறகு, அன்றைக்கு நடந்ததை ஒரு பிள்ளைக்கு மூன்று வரி எழுதுங்கள். வீட்டுச் செலவுக் கணக்கு எழுதுவது போலத்தான். பாடத்தின் பெயரை எழுதாதீர்கள், பிள்ளை என்ன செய்தது, என்ன கேட்டது என்று எழுதுங்கள். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி:

"பெரியவள்: மீன்காரம்மாவிடம் சங்கரா கூறு 150, மூணு கூறு 400-க்கு பேசி முடித்தாள். 50 மிச்சம் என்று வாயாலேயே சொன்னாள். ஏப்ரல் 15-லிருந்து போட் ஏன் கடலுக்குப் போகாது என்று கேட்டாள். சின்னவன்: பஸ் போர்டில் 'குறிஞ்சிப்பாடி' என்று தானாகவே படித்தான். கோபத்தில் டம்ளரை எறிந்தான்."

டம்ளர் எறிந்ததையும் எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால், கோபம் வந்த நாளெல்லாம் பசியோடு பாடம் எடுத்த நாளாக இருக்கும்.

சனிக்கிழமை கலர் பேனா எடுங்கள். கணக்கு சம்பந்தப்பட்ட வரிக்குச் சிவப்பு, தமிழுக்கு நீலம், அறிவியலுக்குப் பச்சை, ஊர், வரலாறு சமாச்சாரங்களுக்குக் கறுப்பு என்று ஓரத்தில் புள்ளி வையுங்கள். எந்த நிறம் இல்லையோ அதை மட்டும் அடுத்த வாரத்துக்கு யோசித்து வைத்தால் போதும். மேலே எழுதிய மீன் கணக்கு சிவப்பு. கடலைப் பற்றிய கேள்வி பச்சை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுக்குத் தடை, மீன் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பதால். அதைச் சொல்ல ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஒரு பீரியட் எதற்கு?

கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பலரும் பயப்படுவது அதற்குத்தான்.

மகளுக்குப் பின்னம் வரவே வரவில்லை. புத்தகத்தில் பீட்ஸாவை எட்டாக வெட்டிப் படம் போட்டிருந்தது. நாங்கள் பீட்ஸா சாப்பிடும் குடும்பமில்லை. ஒருநாள் மார்புச் சுற்றளவு முப்பத்தைந்தரை இஞ்சில் ஒரு ஜாக்கெட் வந்தது. பின்பக்கத்துக்குத் துணியை இரண்டாக மடித்து, மொத்தச் சுற்றளவில் கால் பங்கைத்தான் குறிப்போம். 34 என்றால் எட்டரை, தையலுக்கு ஒன்றரை சேர்த்துப் பத்து. 36 என்றால் ஒன்பது. முப்பத்தைந்தரைக்கு? சாக்பீஸை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் எம்மிங் போட உட்கார்ந்தேன். டேப்பை நாலாக மடித்தாள். மடித்த இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்துக்கொண்டு எண்ணினாள். ரொம்ப நேரம் எண்ணினாள். பிறகு, "ஒன்பதுக்கு ஒரு கோடு கம்மிம்மா" என்றாள்.

அந்த ஒரு கோட்டுக்கு ஆசாரிகள் 'நூல்' என்பார்கள். எட்டு நூல் ஒரு இஞ்ச். எங்கள் தாத்தா காலத்துக் கணக்கில் அதுவே அரைக்கால், அதாவது காலில் பாதி. எட்டே முக்காலும் ஒரு அரைக்காலும். எட்டில் ஏழு பங்கு என்று அவள் எழுதியது அதற்கு அடுத்த வாரம்தான். அதுவரை எழுதச் சொல்லி நான் கேட்கவுமில்லை. கை பழகியதைத் தாளில் எழுத வைக்க அவசரப்படாதீர்கள். ஆனால் எழுதவே வைக்காமலும் விட்டுவிடாதீர்கள், பரீட்சை தாளில்தான் நடக்கும்.

அரைக்காலில் ஆரம்பித்தது அப்படியே கீழே இறங்கிப் போனது. அரைக்காலில் பாதி வீசம், பதினாறில் ஒன்று. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்று இருபதில் ஒன்றுக்குப் பெயர் முந்திரி. மகன் அந்த இடத்தில் பிடித்துக்கொண்டான்: "பண்ருட்டி முந்திரியா?" பண்ருட்டிப் பக்கம் பருப்பு வியாபாரத்திலும் '320' என்று ஒரு ரகம் உண்டு, ஒரு பவுண்டு எடைக்கு 300-லிருந்து 320 பருப்பு வரை நிற்கும் என்று அர்த்தம். பின்னத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் எட்டு வயசுக்கு அது போதும். கால் கிலோ வாங்கிவந்து எண்ண உட்கார்ந்தார்கள். ஒரு பவுண்டு கிட்டத்தட்ட 454 கிராம். கால் கிலோவில் 165-லிருந்து 176 வரை இருக்க வேண்டும் என்று மகள் கணக்குப் போட்டாள். 161 இருந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அவள் கிளம்பியபோதுதான் சின்னவன் வாயைப் பார்த்தோம்.

நீங்கள் தையல்காரராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் எந்தத் தொழில் நடக்கிறதோ அதில் அளவு இருக்கும், விலை இருக்கும், கழிவு இருக்கும். மாவு அரைத்து விற்றால் விகிதம். ஆட்டோ ஓட்டினால் கிலோமீட்டருக்கு எத்தனை மில்லி பெட்ரோல். அதைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, தப்பு செய்தால் ஆகும் நஷ்டத்தையும் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆன நஷ்டம் இதுவரை இரண்டு லைனிங் துணி, ஒரு பட்டு ஜாக்கெட்டின் கை. பட்டு ஜாக்கெட்டுக்கு மட்டும் அன்று அழுதேன்.

சின்னவனுக்குத் தமிழ் வாசிப்பு பஸ் ஸ்டாண்டில்தான் வந்தது. அவனுக்கு அரிச்சுவடி பிடிக்காது, பஸ் பிடிக்கும். வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் அரை மணி நேரம் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்போம். சிதம்பரம், வடலூர், நெய்வேலி, பண்ருட்டி, விருத்தாசலம். முதலில் முதல் எழுத்தை மட்டும் பார்த்து ஊரைச் சொல்வான். வி என்றாலே விருத்தாசலம் என்பான், விழுப்புரம் பஸ் வந்ததும் மாட்டிக்கொள்வான். அப்போதுதான் இரண்டாவது எழுத்தைப் பார்க்கும் அவசியம் வந்தது. போர்டு படிப்பதில் ஒரு வசதி உண்டு. பஸ் நகர்ந்துவிடும், அதனால் எழுத்துக்கூட்டி இழுக்க நேரமில்லை. படித்த பெயரை வீட்டுக்கு வந்து எழுதச் சொன்னால் தகராறு. நான் அட்டையில் எழுதி டைனிங் நாற்காலியில் ஒட்டிவிடுவேன். அந்த நாற்காலிகளே அவனுக்கு பஸ், கண்டக்டர் அவன்தான், டிக்கெட் எழுதிக் கிழித்துக் கொடுப்பான். ஒரு மாதத்தில் எழுத்து வந்துவிட்டது. றகரமும் ரகரமும் இன்னும் உதைக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

மகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்து எனக்குக் கட்டுப்படியாகாது. மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினர் ஆக்கிவிட்டேன். பிள்ளைகள் பேரில் தனித்தனியாக அட்டை போடுங்கள், உங்கள் அட்டையில் எடுத்தால் உங்கள் விருப்பப் புத்தகம்தான் வீட்டுக்கு வரும். பாடப்புத்தகம் வேண்டுமென்றால் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் எல்லா வகுப்புக்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாங்கள் அவற்றை வரிசையாக நடத்துவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொருளடக்கத்தை விரித்து, நோட்டில் ஏற்கெனவே வந்துவிட்டதை டிக் அடிப்போம். இங்கிலீஷுக்கு அப்பா பொறுப்பு. கம்பெனியில் வரும் மெஷின் கையேடுகளை மகளோடு சேர்ந்து படிக்கிறார், இரண்டு பேருக்கும் அது வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அறிவியலுக்குக் கடலூரை விடத் தோதான ஊர் கிடையாது என்பேன், வெயிலும் மழையும் இங்கே ஓவராகத்தான் வரும். இரண்டு சோதனைகளைச் செய்துபாருங்கள், செலவு கிடையாது.

மழைமானி. இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பக்கம் நேராக இருப்பதாகப் பார்த்து எடுங்கள், இடுப்பு ஒடுங்கிய பாட்டில் ஆகாது. கழுத்துச் சரிவு முடியும் இடத்தில் வெட்டி, மேல் துண்டைத் தலைகீழாகப் புனல் மாதிரி உள்ளே செருகுங்கள். அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருக்கும். கூழாங்கல் போட்டு, மேடு மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் சைபர் என்று கோடு போட்டு அதிலிருந்து ஸ்கேலை ஒட்டுங்கள். மரமோ சுவரோ மறைக்காத மாடியில், காற்றில் சாயாதபடி இரண்டு செங்கலுக்கு நடுவே வையுங்கள். காலை எட்டரைக்கு அளந்து, அளந்ததும் மறுபடி சைபருக்குக் கொண்டுவாருங்கள். வானிலைத் துறையின் மழைக்கணக்கும் எட்டரைக்கு எட்டரைதான், மறுநாள் பேப்பரில் வரும் அளவோடு ஒத்துப் பார்க்கலாம்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். எங்கள் மாடி 600 சதுர அடி, ஏறத்தாழ 56 சதுர மீட்டர். 40 மில்லிமீட்டர் பெய்த அன்று மகள் பெருக்கிப் பார்த்துவிட்டு, "2,240 லிட்டர்மா! நம்ம ஆயிரம் லிட்டர் டேங்கு ரெண்டும் ரொம்பி வழியும்!" என்று இறங்கி ஓடிவந்தாள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது பாட்டில் எங்கே போனதென்றே தெரியவில்லை. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இரண்டு நாள் கழித்து இங்கே மழை விட்டிருந்தது, ஆனால் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து ஆற்றோரம் முழுக்கத் தண்ணீர். மழை நின்ற பிறகு எப்படி வெள்ளம் என்று சின்னவன் கேட்டான். வரைபடத்தை விரித்து, தண்ணீர் திறந்துவிட்ட திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து விரலால் ஆற்றைத் தடவிக்கொண்டே கடலூர் வரை வரச்சொன்னேன். விரல் வந்து சேர நேரமானது போலத்தான் தண்ணீருக்கும்.

இன்னொன்று நிழலில்லாத நாள். சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது வருடத்துக்கு இரண்டே நாள். கடலூர், புதுச்சேரிக்கு ஏப்ரல் 21-ஐ ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் 21-ஐ ஒட்டி ஒன்று. ஆகஸ்டில் மேகம் மறைக்கலாம், ஏப்ரல்தான் நம்பிக்கை. மட்டமான தரையில் பக்கம் நேராக இருக்கும் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். பகல் 12 மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு 'நிழல் இருக்கே' என்று திரும்பிவிடாதீர்கள், நாங்கள் முதல் வருடம் அப்படித்தான் ஏமாந்தோம். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது. நாம் அதற்கு மேற்கே 80 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவான இடத்தில் இருக்கிறோம். ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம். அதனால் நம் ஊர் உச்சிவேளை 12:10 வாக்கில்தான். மறுவருடம் சரியாகப் போய் உட்கார்ந்தோம். டம்ளரின் ஓரத்திலிருந்த நிழல் நகம் அளவாகி, நூல் அளவாகி, உள்ளே போய்விட்டது. சின்னவன் எழுந்து தன் காலைத் தூக்கித் தூக்கி நிழலைத் தேடினான். தரை கொதித்தது, செருப்பு போட்டுப் போங்கள்.

கடற்கரைக்கும் போகலாம். சில்வர் பீச்சுக்குக் காலையில் நண்டு வளை பார்க்கப் போவோம், தண்ணீரில் கணுக்காலுக்கு மேல் இறங்க விடமாட்டேன். அங்கிருந்து பார்த்தால் புனித டேவிட் கோட்டை இருந்த இடம் பக்கம்தான். 1690-இல் ஆங்கிலேயர் மராத்தியரிடம் அந்தக் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலம் அவர்களுக்கு என்று பேச்சு. குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். இதைச் சொன்ன அன்றிலிருந்து சின்னவனுக்கு வரலாறு பிடித்துப்போனது. வீட்டில் எந்த இடம் யாருக்கு என்பதை ரப்பர் பந்தை எறிந்து முடிவு செய்கிறான்.

சரி, நடக்காத நாட்களையும் சொல்ல வேண்டும். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தம் வந்தால் எனக்குத் தலைக்கு மேல் வேலை. ஒரு வைகாசியில் மகளைப் போனில் கணக்கு வீடியோ பார்க்கச் சொல்லிவிட்டு முழு மாதமும் மிஷினை விட்டு எழவில்லை. நன்றாகப் படிக்கிறாள் என்றே நினைத்தேன், அந்த டீச்சர் சொல்வதை அப்படியே திருப்பிச் சொன்னாள். ஒருநாள் 756-ஐ 12-ஆல் வகுக்கச் சொன்னேன், வரவில்லை. நோட்டைப் பார்த்தால் அந்த மாதம் முழுக்க ஒரே வரி: 'வீடியோ பார்த்தாள்'. இப்போதெல்லாம் முகூர்த்த மாதத்தை எங்கள் வீட்டின் லீவு மாதமாக அறிவித்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு மே லீவு, எங்களுக்கு வைகாசி லீவு. ஏமாற்றுப் படிப்பை விட அறிவித்த லீவு மேல்.

உறவினர்களுக்கு விளக்கம் சொல்லியே ஓய்ந்துபோவீர்கள். என் மாமியார் ஒரு வருடம், "ஏம்மா, ஊர்ல நாலு பேரு என்ன நினைப்பாங்க?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாதாடி ஜெயித்ததில்லை. "அத்தை, இவனுக்குக் கதை சொல்ல எனக்கு நேரமில்லை, நீங்க சொல்லுங்களேன்" என்று சின்னவனை அவரிடம் விட்டேன். அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டதும், கல் மிதந்து நம் திருப்பாப்புலியூர்க் கரையில் வந்து சேர்ந்ததும், அவர் கரையேறிய இடம் கரையேறவிட்டகுப்பம் ஆனதும் மாமியார் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். அப்புறம் யார் கேட்டாலும் பதில் சொல்வது மாமியார்தான். கல் எப்படி மிதக்கும் என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் அனுப்பிவிடுகிறார்.

'மற்ற பிள்ளைகளோடு பழகாமலே போய்விடுமே' என்ற கவலை வேறு. சாயங்காலம் நாலரைக்குத் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் வந்துவிடும், அந்த நேரத்துக்கு எந்த வேலையும் வைக்காதீர்கள். மகள் அண்ணா விளையாட்டரங்கத்துக்கு ஓடப் போகிறாள்.

கடைசியாகச் சட்டமும் பரீட்சையும். இதில் பூசி மெழுகக் கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டம் ஆறிலிருந்து பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. வீட்டில் படிக்க வைப்பதைப் பற்றி அது பேசவே இல்லை. யாராவது விசாரிக்க வந்தால் ஒளியாதீர்கள். எங்கள் வீட்டுக்குப் பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுப்பவர்கள் ஒருமுறை வந்தார்கள். உட்காரவைத்து, காபி கொடுத்து, நோட்டைக் காட்டினேன். அரை மணி நேரம் புரட்டினார்கள். அன்றைக்கு அந்த நோட்டு இல்லாவிட்டால் வாயால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

பரீட்சைக்கு வழி இரண்டு. ஒன்று, மாநில அரசின் தேர்வுத்துறை நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு, அதாவது பள்ளிக்குப் போகாமலே நேரடியாக எழுதும் தேர்வு. பன்னிரண்டரை வயது முடிந்திருக்க வேண்டும். அதை முடித்துவிட்டுப் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராகவே எழுதலாம், ஆனால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே தனியாகப் பதிய வேண்டும். இதைத் தவறவிட்டு ஒரு வருடம் போனவர்கள் உண்டு. இன்னொன்று, தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்புக்குப் பதினான்கு வயது ஆகியிருக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. பதிவு ஐந்து வருடம் செல்லும், அதனால் ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. எந்த வழியில் போவதானாலும், பிள்ளை பிறகு சேர நினைக்கும் கல்லூரியிலோ ஐ.டி.ஐ.யிலோ நேரில் போய் எந்தச் சான்றிதழ் செல்லும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எங்கள் மகள் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குத் தயாராகிறாள். பழைய கேள்வித்தாள்களை வாரத்துக்கு ஒன்று, கடிகாரம் வைத்து எழுதுகிறாள். அதற்கு மட்டும் டைம்டேபிள் போட்டிருக்கிறோம், போட்டது அவளே.

ஒரு ஃபைல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், பள்ளியில் படித்திருந்தால் மாற்றுச் சான்றிதழும், கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கும் எமிஸ் எண்ணும். மாற்றுச் சான்றிதழை நிறுத்திய உடனே வாங்கிவிடுங்கள், வருடம் கழித்துப் போனால் அலையவிடுவார்கள். ஒவ்வொன்றிலும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் மகளுக்கு ஆதாரில் ஒரு எழுத்து கூடுதல், அதைத் திருத்த மூன்று நடை. எல்லாவற்றிலும் நாலு ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வையுங்கள், அசலை வேறு இடத்தில். முடிந்துபோன நோட்டுகளையும் அதே அலமாரியில், கரையான் எட்டாத மேல் தட்டில்.